டியூப் லைட் சொல்வதும் சொல்லாததும்

எல்லாருக்கும் வணக்கம். உயர்மின் கோபுரங்களை எதிர்த்து நம்ம கொங்குப் பக்கத்து விவசாயிகள் போராடினபோது, இருட்டில் கம்பிக்கு அடியில் நின்று வெறும் டியூப் லைட்டைக் கையில் பிடித்துக் காட்டினார்கள். ஒயர் இல்லை, சுவிட்ச் இல்லை, லைட் எரிந்தது. அதைப் பார்த்த எந்த அம்மாவுக்கும் 'எம் புள்ளைக்கு என்ன ஆகுமோ' என்றுதான் வயிறு கலங்கும்.

அந்த லைட்டை எரியவைப்பது கம்பியைச் சுற்றி இருக்கும் மின்புலம். சுவரும் மரமுமே அதைப் பெருமளவு மறித்துவிடும். இந்தக் கம்பிகளால் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வருமா என்று ஆய்வாளர்கள் இத்தனை வருடமாகத் துருவிக்கொண்டிருப்பது கம்பியின் காந்தப்புலத்தை. அது சுவரைத் தாண்டி வரும், ஆனால் எந்த டியூப் லைட்டிலும் தெரியாது.

1979-இல் அமெரிக்காவின் டென்வரில் நான்சி வெர்தைமரும் எட் லீப்பரும் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீடுகளைத் தேடிப்போய், பக்கத்தில் என்ன கம்பி போகிறது என்று பார்த்து எழுதினார்கள். சந்தேகம் அங்கேதான் கிளம்பியது. 2000-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, காந்தப்புலம் சராசரியாக 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல் இருந்த வீடுகளில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் சுமார் இரண்டு மடங்கு. அப்படிப்பட்ட வீடுகளோ ரொம்பக் கொஞ்சம். 2002-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை 'ஒருவேளை காரணமாகலாம்' என்ற வரிசையில் வைத்தது, விலங்குச் சோதனைகளோ அதற்குப் பலம் சேர்க்கவில்லை. 2005-இல் பிரிட்டனில் கம்பியின் காந்தப்புலமே எட்டாத தூரத்து வீடுகளிலும் நோய் சற்றுக் கூடுதல் என்றார்கள், 2014-இல் அவர்களே திரும்பப் பார்த்தால் பிந்தைய பத்தாண்டுகளில் பிறந்த பிள்ளைகளிடம் அந்தக் கூடுதல் காணவில்லை.

சரி, நாம் என்ன செய்வது? கம்பிக்கு நேர் அடியில் பல மைக்ரோடெஸ்லா இருக்கும், ஐம்பது நூறு மீட்டர் தள்ளினால் சாதாரண வீட்டு அளவுக்கு இறங்கிவிடும். அதனால் இருநூறு மீட்டர் தள்ளிப் போகிற லைனுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, மேலேயே போகிறது என்றால், டவர் நடுவதற்கு முன்பே பாதையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், நட்டுவிட்டார்கள் என்றால் காந்தப்புலத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், சந்தேகமே இல்லாத ஆபத்து ஒன்று இருக்கிறது. லைனுக்கு அடியில் நீளமாக ஓடும் வேலிக் கம்பியைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கும், அதற்கு எர்த் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், போர் மோட்டாரைக் கழற்றும்போது இரும்புப் பைப்பை நிமிர்த்துகிறீர்களே, அது கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். அந்த வேலையை லைனுக்கு அடியில் வைத்துக்கொள்ளாதீர்கள் சாமிகளா.