15 வயதுக்கு ஊர் கூடுவது பெருமையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மெக்சிகோவிலும் அமெரிக்காவின் லத்தீன் குடும்பங்களிலும் பெண்ணுக்கு 15 வயது நிறைந்ததும் எடுக்கிறார்களே கின்ஸியான்யேரா விழா, அது குடும்பத்துக்குச் சுமையா, பெண்ணுக்குப் பெருமையா என்பது இன்றைய கேள்வி. பெருமையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

'ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதை' என்றார் எதிரணித் தலைவர். மண்டபம், கவுன், இசைக்குழு என்று ஆயிரக்கணக்கான டாலர் கரைகிறது என்றார். செலவு உண்டு, கடன்படும் வீடும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவை யார் யார் தூக்குகிறார்கள் என்பதை அவர் சொல்லவே இல்லையே! பாத்ரினோ, மாத்ரினா என்று இருக்கிறார்கள். நம் கத்தோலிக்க வீடுகளில் ஞானத்தந்தை, ஞானத்தாய் என்போமே, அவர்கள்தான். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தியவர்களோடு, இந்த விழாவுக்கென்றே இன்னும் பலர் சேர்ந்துகொள்வார்கள். கேக் அத்தை பொறுப்பு, கிரீடம் பெரியம்மா பொறுப்பு, மோதிரம் அப்பாவோடு வேலை பார்ப்பவர் பொறுப்பு. பல வீடுகளில் இதை அழைப்பிதழிலேயே பெயர் போட்டு அச்சடித்துவிடுவார்கள். தனக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அந்தப் பெண் படித்தே தெரிந்துகொள்வாள்.

சரி, பணத்தை விடுவோம். ஹூஸ்டனில் என் பக்கத்து வீட்டுப் பெண்ணின் விழாவுக்குப் போயிருந்தேன். பகலில் தேவாலயத்தில் நன்றித் திருப்பலி. மாலை மண்டபத்தில், நடுவில் ஒற்றை நாற்காலி. அதில் அவள் உட்கார, அப்பா மண்டியிட்டுத் தட்டைச் செருப்பைக் கழற்றி, முதல் ஹீல்ஸை மாட்டிவிட்டார். கூரை போடும் தொழிலாளி அவர். விரல் முழுக்கக் காய்ப்பு. மெல்லிய வார் கொக்கிக்குள் நுழையவே இல்லை. மூன்று தடவை நழுவியது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. அவள் குனிந்து அவர் தோளில் கை வைத்தாள். அப்புறம்தான் வார் ஏறியது. இருவரும் எழுந்து வால்ஸ் ஆடினார்கள். அந்த மனிதர் முகத்தில் நான் சுமையைப் பார்க்கவில்லை, நடுவர் அவர்களே.

பெண்ணை அலங்கரித்துக் கல்யாணத்துக்குக் காட்சி வைக்கிறார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஒரு காலத்தில் அந்த எண்ணமும் இருந்ததுதான். இன்றைக்கு அந்த கவுன் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். 2017 மே மாதம் டெக்சாஸில் எஸ்.பி. 4 சட்டம் கையெழுத்தானது. தடுத்து நிறுத்தப்பட்டவரிடம் குடியேற்ற நிலையைக் கேட்கக் காவலர்களுக்கு அது வழிவிட்டது. ஜூலையில் ஆஸ்டின் நகரில் உள்ள மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் 15 இளம்பெண்கள் வந்து நின்றார்கள். அதே பூப்போன்ற கவுன், அதே கிரீடம். ஆடியே எதிர்ப்பைச் சொன்னார்கள். பிறகு அதே உடையில் உள்ளே போய்ச் சட்டமன்றத்தாரைப் பார்த்துப் பேசினார்கள்.

இவர்களையா காட்சிப் பொருள் என்கிறார்? எதிரணித் தலைவரே பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.