காரியம் இல்லாமல் ஏறிய ஃபெரி

(பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு சமூக மன்றத்தின் குடும்ப விருந்தில் பேசியது)

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கும் குடும்பங்களே, வணக்கம். சாப்பாடு சூடாக இருக்கிறது, சீக்கிரம் முடியுங்கள் என்று பின்வரிசையில் ஒரு தம்பி சைகை காட்டுகிறார். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை தம்பி.

முதலில் ஒரு திருத்தம். அழைப்பிதழில் ‘மாலை நேர ஆற்று உலா’ என்று போட்டிருக்கிறது. இங்கிருந்து பாகான், அதாவது பட்டர்வொர்த், சுமார் 3 கிலோமீட்டர்தான், அக்கரை விளக்குகூடத் தெரிகிறது, சரி. ஆனாலும் அது கடல்! அச்சடித்துக் கொடுத்தவர் நம் உறுப்பினர், பாதி விலைக்குச் செய்தார். அதனால் இத்தோடு விடுகிறேன்.

இன்று சாயங்காலம் இங்கிருந்து போய், பட்டர்வொர்த்தில் இறங்கி, அந்தப் பக்கத்து உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஃபெரியில் திரும்பினோம். போகும்போது பொருளாளரின் பேத்தி என்னிடம் கேட்டாள்: “தாத்தா, அங்க போய் என்ன செய்யப் போறோம்?” ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். “சும்மா போய்ட்டு சும்மா வருவோமா?” என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

யோசித்துப் பார்த்தேன். நம்மில் எவர் சும்மா தண்ணீரைக் கடந்தார்? ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின் மேல் கப்பல் படையை அனுப்பியது சண்டை போட. என் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறியது பிழைக்க. 1926-இல் ஓடத் தொடங்கி 1970-கள் வரை ஓடிய கப்பல் அது. மேல்தளத்தில் ஒரு தகரப்பெட்டியும் ஒரு பாயும்தான் அவருக்கு வீடு. பினாங்கு மலை கண்ணில் பட்டதும் எல்லாரும் எழுந்து நின்றார்களாம். ஆனால் அவரைக் கொண்டுபோய் இறக்கியது ஜெரெஜாக் தீவில், தனிமை முகாமில். எதிரே தெரிகிற ஊருக்குள் கால் வைக்க நாள் கணக்கில் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைச் சொல்லும்போது மட்டும் தாத்தாவுக்குக் குரல் ஏறும்.

நாசி கண்டார் சாப்பாடும் தண்ணீர் ஓரத்து உழைப்பில் பிறந்ததுதான். தோளில் ஒரு கம்பு, ஒரு முனையில் சோறு, மறுமுனையில் கறி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இப்படித்தான் சோறு கொண்டுவந்தார்கள். இன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அதற்கு வரிசை பிடித்து நிற்கிறோம். கம்புதான் இல்லை.

அப்புறம் பழைய ஃபெரி. காரும் லாரியும் மனிதரும் ஒன்றாகப் போவோம். இஞ்சின் முனகல் பெஞ்சு வழியாக முதுகில் ஏறும். பாகானில் ஏறினால்தான் காசு, தீவிலிருந்து திரும்பக் காசில்லை. உள்ளே போனவன் எப்படியும் வெளியே வந்துதானே ஆகவேண்டும்! 1985-இல் பாலம் திறந்தபோது, இனி ஃபெரி அவ்வளவுதான் என்றார்கள். என் அப்பா பாலத்தை நம்பவில்லை, கடைசி வரை ஃபெரியில்தான் வேலைக்குப் போனார். 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் ஃபெரி முனையம் இடிந்து 32 பேர் இறந்தார்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலயத் திருவிழாக் கூட்டம் வேறு அன்றைக்கு. மறுவாரமே அப்பா மறுபடி ஏறினார். வேலை இருந்ததே.

பூலாவ் அது, பூலாவ் இது என்று தீவுகளின் பெயரைச் சுமந்த அந்தக் கப்பல்கள் 2020 முடிவோடு நின்றுவிட்டன. 2023 ஆகஸ்டில் வந்த நான்குக்கும் தெலுக் பாகாங், தெலுக் கும்பார் என்று வளைகுடாப் பெயர்கள். சுத்தமாக இருக்கின்றன, குறை இல்லை. காருக்கு இடமில்லை, மோட்டார் சைக்கிளுக்கு உண்டு. எனக்கு ஒரே வருத்தம், கதை பேச ஆரம்பித்தால் பாதியிலேயே கரை வந்துவிடுகிறது.

திரும்பும்போது கவனித்தீர்களா? சூரியன் தீவின் மலைக்குப் பின்னால் போய்விட்டது, வானம் மட்டும் மாம்பழ நிறத்தில் இருந்தது. நம் அக்கா ஒருவர் மைலோ டின்னைத் திறந்து, மூடியில் முறுக்கை வைத்து நீட்டிக்கொண்டே போனார். தலைக்கவசத்தைக் கழற்றாத மலாய் இளைஞர் ஒருவர், இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர் போல, ஒன்றை எடுத்துக்கொண்டு “எங்கே இத்தனை பேர்?” என்று மலாயில் கேட்டார். “ஜாலான் ஜாலான்”, சும்மா சுற்றிவரத்தான், என்றேன். சிரித்தார். இன்னொரு முறுக்கையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தாத்தா அங்கே இருந்திருந்தால், காசு கொடுத்துச் சும்மா போய்வந்ததற்கு என்னைத் திட்டியிருப்பார். பிறகு முறுக்கு கேட்டிருப்பார்.

போன வருடம் ஓர் உணவகத்தில் விருந்து ஏற்பாடு செய்து, நாம் போய்ச் சேர்வதற்குள் அடுப்பை அணைத்துவிட்டார்கள். அறுபது பேர் ரொட்டி சானாய் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம். இந்த முறை மன்றத்துப் பெண்களும் ஆண்களுமாகச் சேர்ந்து சமைத்திருக்கிறார்கள், வெங்காயம் உரித்தவன் நான்.

பாகான்காரர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள். உங்களுக்குத்தான் முதல் பந்தி, கடைசி ஃபெரியைப் பிடிக்க வேண்டும். மீதிப் பேர் பாயசத்துக்கு அவசரப்படாதீர்கள்.