பட்டாவில் இல்லாத பெயர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஒரு நிலம் யாருடையது என்று கேட்டால், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், பியாட்ரிஸ் என்னும் ஊருக்கு அருகில் உள்ள 160 ஏக்கருக்கு 1869ஆம் ஆண்டு டேனியல் ஃப்ரீமன் பெயரில் பட்டா வழங்கப்பட்டது. அந்தப் பட்டாவில் இடம்பெறாத அவர் மனைவி ஆக்னஸைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். ஆனால் ஃப்ரீமனின் நள்ளிரவுக் கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வருவதில்லை.

லிங்கன் 1862 மே 20இல் கையொப்பமிட்ட குடியேற்றநிலச் சட்டம், 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் வரை கேட்கலாம். ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டிப் பயிர் செய்து காட்டினால் நிலம் சொந்தமாகும். முதல்நாள் இரவு ஃப்ரீமன், மிசௌரி ஆற்றங்கரையில் உள்ள பிரவுன்வில்லில் இருந்தார். மறுநாள் புத்தாண்டு விடுமுறை. அவரோ படைப்பணிக்குத் திரும்பியாக வேண்டும். விருந்தொன்றில் நில அலுவலக எழுத்தரைக் கண்டு, தம் நிலையைச் சொல்லி, மணி பன்னிரண்டு அடித்ததும் கதவைத் திறக்க வைத்து மனுவைப் பதிந்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஒரு கையொப்பத்துக்காக மாதக்கணக்கில் நடையாய் நடந்தவர்கள் இதை நம்ப மறுத்தால், நான் வற்புறுத்த மாட்டேன். அதே நாளில் நூற்றுக்கணக்கானோர் மனுச் செய்தார்கள். ஆனாலும் முதலில் மனுச் செய்தவர் என்ற பெயர் இவருக்கே நிலைத்தது.

மனுப் பதிய ஒரு நள்ளிரவு போதும். நிலம் சொந்தமாக ஐந்து ஆண்டுகள் வேண்டும். இதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன், ஏனெனில் அங்கேதான் ஆக்னஸ் வருகிறார். அயோவாவின் லெக்ளேரைச் சேர்ந்த ஆக்னஸ் சூட்டர், ஃப்ரீமனின் தம்பிக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர். தம்பி உள்நாட்டுப் போரில் இறந்தபின், அண்ணன் கடிதங்கள் எழுதலானார். கடிதத்திலேயே பெண்ணும் கேட்டார். 1865 பிப்ரவரியில் திருமணம் நடந்தது. கணவருள்ள பெண் தன் பெயரில் மனுச் செய்ய அந்தச் சட்டம் பொதுவாக இடம் தரவில்லை. ஆனால் அங்கே தங்கி வாழ்ந்தாக வேண்டிய நிபந்தனை அவரையும் சேர்த்தே கட்டியது.

ஐந்து ஆண்டுகள் முடிந்து 1868 ஜனவரியில் சாட்சிகள் அளித்த வாக்குமூலம் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம். பாதி மரத்தண்டுகளாலும் பாதி மரச்சட்டங்களில் அறைந்த பலகைகளாலும் ஆன, 14க்கு 20 அடி வீடு. இரண்டு கதவுகள், இரண்டு சன்னல்கள், பலகைத் தரை. உழுது பயிரிட்டது சுமார் 35 ஏக்கர். 40 ஆப்பிள் மரங்கள், ஏறக்குறைய 400 பீச் மரங்கள். நானூறு கன்றுகளுக்கு முதல் கோடையில் யார் தண்ணீர் சுமந்தார்கள் என்று வாக்குமூலத்தில் எழுதவில்லை. படுக்கை விரித்தால் நடக்க இடமில்லாத அந்த வீட்டில்தான் பிள்ளைகள் வளரத் தொடங்கினார்கள்.

அரசு வழங்கிய இந்த நிலம் ஆளற்றுக் கிடந்த நிலமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே வாழ்ந்த பழங்குடியினரான ஓட்டோ-மிசௌரியா மக்கள், அமெரிக்க அரசுடனான 1854 உடன்படிக்கையில் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்து, பிக் புளூ ஆற்றோரம் எஞ்சிய ஒதுக்கிடத்தையும் விட்டு, 1880களின் தொடக்கத்தில் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்க்கப்பட்டார்கள்.

நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். விரிவாகச் சொல்ல வைத்திருந்த வழக்கை இரண்டு வரியில் முடிக்கிறேன். ஊர்ப் பள்ளியில் ஆசிரியை வேதாகமம் வாசித்து வழிபாடு நடத்துவதை எதிர்த்து முதிய வயதில் ஃப்ரீமன் வழக்குத் தொடுத்தார். 1902இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றார். 1908இல் அவர் மறைந்தார். ஆக்னஸ் 1931 வரை வாழ்ந்தார். அதன்பின் ஐந்தாம் ஆண்டில் நாடாளுமன்றம் அந்த நிலத்தைத் தேசிய நினைவிடமாக்கியது. வணக்கம்.