டிக்கெட் எடுக்க யாரைப் பிடிப்பது?

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். "பயணத்துக்குப் பெரிதும் கைகொடுப்பது இணையமா, அனுபவப்பட்ட ஆட்களா" என்பது தலைப்பு. நான் இணையமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, தன் ஊர் டிராவல்ஸ் அண்ணன் எந்தப் பண்டிகை என்றாலும் எப்படியாவது ஒரு சீட் வாங்கிக் கொடுத்துவிடுவார் என்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் அவரைத் தெரியாத குடும்பம் அதே பண்டிகைக்கு எப்படி ஊருக்குப் போகும்?

ரயில்வே கவுன்டரை நினைத்துப் பாருங்கள். பெயர், வயது, ரயில் எண், எந்த பெர்த் என்று படிவத்தை நிரப்பி, வரிசையில் நின்று, கடைசியில் ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தால் "நெல்லை எக்ஸ்பிரஸ் வெயிட்டிங் லிஸ்ட், போடவா?" என்று ஒரு கேள்வி வரும். பின்னால் நிற்பவர் முதுகில் இடிப்பார். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் இருக்கிறதா, அனந்தபுரியில் பார்க்கலாமா, மறுநாள் என்றால் எப்படி, இதையெல்லாம் அந்த அரை நிமிடத்தில் கேட்க எத்தனை பேருக்கு வாய் வரும்? தெரிந்தவர் கேட்பார், கூச்சப்படுகிறவர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வருவார். அந்தத் திரையில் ஊழியர் பார்த்துக்கொண்டிருந்த அதே விவரம் 2002 ஆகஸ்டில் ரயில் டிக்கெட் விற்கும் ஐஆர்சிடிசி தளம் வந்ததிலிருந்து மெல்ல மெல்ல நம் கைக்கு வந்துவிட்டது. இப்போது வீட்டில் உட்கார்ந்து நாலு ரயிலையும் பத்து நாளையும் வரிசையாகப் பார்த்து, வீட்டில் இருப்பவர்களோடு பேசி முடிவெடுக்கிறோம், யாரும் முதுகில் இடிப்பதில்லை.

என் அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி, மேல் பெர்த்தில் ஏறவே முடியாது. அவருக்கு டிக்கெட் போடும்போது நான் தவறாமல் தொடும் ஒரு சின்னக் கட்டம் உண்டு: குறைந்தது ஒரு கீழ் பெர்த்தாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற கட்டம். கிடைக்கவில்லை என்றால் டிக்கெட்டே விழாது, நான் அடுத்த ரயிலைப் பார்ப்பேன். அத்தை திருநெல்வேலியில் இருக்கிறார், நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன், அவர் போனுக்கு வந்த குறுஞ்செய்தியும் அசல் அடையாள அட்டையும் கையில் இருந்தால் போதும், ஏறிவிடலாம். இதில் அவர் யாரிடமும் போய் "கொஞ்சம் பார்த்துப் போடுங்க தம்பி" என்று கெஞ்ச வேண்டியதில்லை. எனக்கு இது பெரிய விஷயம் நடுவர் அவர்களே, வயதானவர்கள் கெஞ்சாமல் பயணம் போக வேண்டும் என்று நான் உண்மையிலேயே நினைக்கிறேன்.

அப்புறம் பணம். முழுக்க வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கும் இ-டிக்கெட், யாருக்கு எந்த இடம் என்ற கடைசிப் பட்டியலான சார்ட் போட்ட பிறகும் உறுதியாகவில்லை என்றால் தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். கவுன்டர் டிக்கெட் என்றால் வண்டி கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன்னால் நாமேதான் ரத்து செய்தாக வேண்டும், பணத்துக்குக் கவுன்டருக்கே போக வேண்டும். இணையத்தில் கூடுதல் கட்டணம் பிடிக்கிறார்களே என்றார் எதிரணியின் இன்னொரு நண்பர். பிடிக்கிறார்கள். யுபிஐயில் கட்டினால் ஏசி அல்லாத வகுப்புக்கு ஒரு டிக்கெட்டுக்கு 10 ரூபாயும் ஜிஎஸ்டியும். ஸ்டேஷனுக்குப் போய்வர ஷேர் ஆட்டோ அதற்குக் கிடைக்குமா?

பேருந்துக்கு வருவோம். 2005 தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் ஏஜென்ட் ஏஜென்டாக அலைந்தவர் பணீந்திர சாமா என்ற இளம் பொறியாளர். அந்த ஏஜென்டுகள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எந்த வண்டியில் எத்தனை சீட் காலி என்பது அவர்களில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது, தன்னிடம் இருக்கும் நாலைந்து சீட் மட்டும்தான் தெரியும். அந்த அலைச்சலில் பிறந்ததுதான் 2006இல் வந்த ரெட்பஸ். எதிரணி கொண்டாடும் அனுபவசாலிகள் அத்தனை பேர் இருந்த ஊரிலேயே அந்த நிலை என்பதைக் கவனியுங்கள். இன்று தனியாகப் போகும் ஒரு பெண், பக்கத்து சீட்டில் பெண் இருக்கிறாரா என்பதைப் பார்த்தே தன் சீட்டை எடுக்கிறார், வண்டி எங்கே வருகிறது என்று வீட்டில் இருப்பவர்களும் பார்த்துக்கொள்கிறார்கள்.

அனுபவத்துக்கு ஈடு உண்டா என்று கேட்டார்கள். அனுபவத்தை மதிக்கிறேன், எந்த ஊரில் எந்த மெஸ்ஸில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதை இன்றைக்கும் மாமாவிடம்தான் கேட்பேன். ஆனால் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ரயிலில் 120 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம் என்பது 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகிவிட்டது. ஜனவரி 13 பொங்கல் பயணத்துக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்குத்தான் கதவு திறக்கும், பழைய கணக்கை நம்பி செப்டம்பரிலேயே உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக, உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். முப்பது வருடமாக மலையேறி இறங்கிய ஓட்டுநருக்கும் அது வேண்டும். அதை அவர் எங்கே எடுப்பார்? இணையத்தில்தான்.

போலித் தளங்கள் பற்றி எதிரணி சொன்னது முழுக்க உண்மை. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட் என்ற பெயரில் நடக்கும் மோசடி பற்றி 2025 ஏப்ரலில் உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றத் தடுப்பு மையமான ஐ4சி அமைப்பே எச்சரித்தது. நம்பிக் கோயிலுக்குக் கிளம்புகிறவர்களை ஏமாற்றுவது எனக்கும் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது. அதற்காகத்தான் சொல்கிறேன்: தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள், அந்த ஹெலிகாப்டருக்கு ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா தளம் மட்டும்தான், பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குக் கவுன்டர் திறந்திருக்கட்டும், அதை மூடச் சொல்லி எங்கள் அணியில் யாரும் பேசவில்லை. வீட்டில் போன் வைத்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் வரிசையிலிருந்து விலகினால் போன் இல்லாமல் கவுன்டருக்கு வரும் பெரியவர்களுக்கு வரிசையும் குறையும்.

கடைசியாக தட்கல், அதாவது பயணத்துக்கு முந்தின நாள் திறக்கும் அவசர டிக்கெட். இரண்டு நிமிடத்தில் காலியாகிறது, மென்பொருள் வைத்து ஏஜென்டுகள் அள்ளுகிறார்கள் என்றார்கள். அள்ளினார்கள், சரி. ஆனால் அள்ளியது நடுவில் நிற்கும் ஆட்கள்தானே, அது எப்படி எதிரணிக்குச் சாதகமாகும்? 2025 ஜூலை முதல் ஆதாரோடு இணைத்துச் சரிபார்த்த கணக்கில் மட்டும்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும், ஏசிக்கு 10 மணி முதல் 10:30 வரையும் மற்றதுக்கு 11 மணி முதல் 11:30 வரையும் ஏஜென்டுகள் உள்ளே வரவே முடியாது. யார் கையில் எத்தனை டிக்கெட் போகிறது என்பது பதிவாவதால்தான் இப்படி ஒரு தடுப்பைப் போட முடிந்தது. இதற்குப் பிறகும் பலருக்குக் கிடைப்பதில்லை, ஏனென்றால் பெர்த் குறைவு, ஆள் அதிகம். தெற்கே இன்னும் ரயில் விடச் சொல்லி எதிரணி மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

மணி அடித்துவிட்டார்கள். இணையமே என்று தீர்ப்பு தரக் கேட்டு அமர்கிறேன் நடுவர் அவர்களே, நன்றி, வணக்கம்.