பெரட்டு தப்பும் பட்டாணி சைஸ் சுரப்பியும்

வணக்கம். மலையில இருந்து இப்பதான் லயத்துக்கு வந்து தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கிற அம்மாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

எங்க பாட்டி சொல்லுவாங்க, அந்தக் காலத்துல விடியங்காட்டி பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துல வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைக் கூட்டத்துக்கு, தப்புங்கிற பறைய அடிப்பாங்களாம், அந்த சத்தத்துல தான் லயமே எழும்புமாம். கொஞ்ச நேரம் அடிச்சிட்டு நிப்பாட்டிருவாங்க, அதால தான் மறுநாளும் அந்த சத்தத்துக்கு மரியாதை இருந்துச்சு, நாள் பூரா அடிச்சிருந்தா யாரு காதுல வாங்கியிருப்பா?

நம்ம உடம்புக்குள்ளயும் இதே கதை தான். மூளைக்கு அடியில பட்டாணி அளவுல, சுமார் அரை கிராம் எடையில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. அதுக்கு மேல இருக்கிற ஹைப்போதலமஸ் தான் தப்பு அடிக்கிற ஆள். ஜிஎன்ஆர்எச்ங்கிற ஹார்மோன விட்டு விட்டு அனுப்பும், பிட்யூட்டரி அத கேட்டு எல்எச், எஃப்எஸ்எச்னு ரெண்டு ஹார்மோன ரத்தத்துல விடும், மாதவிடாய், கரு முட்டை, ஆம்பளைங்களுக்கு விந்து எல்லாம் அதுல தான் நடக்குது. இந்த ஜிஎன்ஆர்எச் வெறும் 10 அமினோ அமிலம் தான். அத கண்டுபிடிக்க ஷாலி, கியேமின்னு ரெண்டு விஞ்ஞானிங்க, ஷாலி பன்றி மூளையையும் கியேமின் ஆட்டு மூளையையும் லட்சக்கணக்குல சேர்த்து அரைச்சாங்க, 1977ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு.

அடுத்த வருஷம், 1978ல, எர்ன்ஸ்ட் நோபில்ங்கிற விஞ்ஞானியோட குழு குரங்குகள்ல காட்டினது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஜிஎன்ஆர்எச் குடுத்தா பிட்யூட்டரி நல்லா வேலை செஞ்சுது, நிக்காம குடுத்தா எல்எச், எஃப்எஸ்எச் ரெண்டும் இறங்கிருச்சு.

சரி, ஜிஎன்ஆர்எச்ங்கிற அந்த சத்தம் பிட்யூட்டரி செல்லுக்கு கேட்ட பிறகு உள்ள என்ன நடக்குது? கால்சியம் ஏறுது, அது ஒரு என்சைம, அதாவது செல்லுக்குள்ள வேலைய வேகமா நடத்துற ஒரு புரதத்த, தட்டி எழுப்புது, அந்த என்சைம் ஆர்ஜினின்ங்கிற அமினோ அமிலத்துல இருந்து நைட்ரிக் ஆக்சைட் செய்யுது. இது ஒரு வாயு! நெஞ்சு வலிக்காரங்க நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையில இருந்து உடம்புக்குள்ள வர்றதும் இதே தான். வாயுங்கிறதால செல்லோட சவ்வ தாண்டி பக்கத்து செல்லுக்கும் போகும், ஆனா சில செக்கன்ல அழிஞ்சிரும், தூரம் போகாது. எலிகள்ல பார்த்தப்ப எல்எச் சுரக்கிற செல்லுலயும், அதுங்களுக்கு நடுவுல நட்சத்திரம் மாதிரி கைய நீட்டிக்கிட்டு இருக்கிற செல்லுலயும் இந்த என்சைம் இருந்துச்சு. எல்எச்ச இது கூட்டுமா குறைக்குமான்னு கேட்டா, சில பரிசோதனையில கூடுது சிலதுல குறையுது, செல் எந்த நிலைமையில இருக்குங்கிறத பொறுத்து மாறுது. மேல இருந்து வர்ற கட்டளைய அப்படியே செய்யாம, அந்த குட்டி செல் தனக்குள்ள ஒரு தடவை பேசிப் பார்க்குது, அது எனக்கு இன்னும் ஆச்சரியமா தான் இருக்கு.

எங்க சித்திக்கு எண்டோமெட்ரியோசிஸ், கருப்பைக்கு உள்ள இருக்கிற மாதிரி திசு வெளியில வளர்ந்து வலி குடுக்கிற நோய், மாசத்துக்கு ஒரு ஊசி. அது ஜிஎன்ஆர்எச் மாதிரியே செஞ்ச மருந்து, நிக்காம தப்பு அடிச்சு பிட்யூட்டரிய அடக்குறதுக்கு. ஆனா முதல் ஒன்னு ரெண்டு கிழமை ஹார்மோன் கூடிட்டு தான் இறங்கும், அது தெரியாம சித்தி வலி கூடிருச்சு, பிழையான ஊசி போட்டுட்டாங்கன்னு அழுதாங்க. பக்கத்துல உட்கார்ந்து பாட்டியோட தப்பு கதைய சொன்னேன். கிளினிக்குக்கும் போய் கேட்டோம், அவங்களும் அதையே சொன்னாங்க. அடுத்த மாசம் சித்தி தானாவே பஸ் ஏறி ரெண்டாவது ஊசிக்கு போனாங்க.