லேஸ் இல்லாத ஷூ காலில் எப்படி நிற்கிறது?

(காட்சி: ஒரு கால் ஷூவுக்குள் நுழைகிறது. கை கீழே வரவே இல்லை.)

குனியவில்லை, முடிச்சுப் போடவில்லை, ஷூ காலில் ஏறிவிட்டது. ஸ்லிப்-ஆன் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இந்தச் சோம்பேறித்தனத்துக்காகவே வாங்குகிறோம். என்னையும் சேர்த்துத்தான். சரி, இழுத்துப் பிடிக்க லேஸே இல்லையே, நடக்கும்போது ஏன் கழன்று விழுவதில்லை?

(காட்சி: கேன்வாஸ் ஸ்லிப்-ஆன், மிக அருகில். ஒரு விரல் பக்கவாட்டுத் துண்டை இழுத்து விடுகிறது.)

கால் நுழையும் வாய்க்கு இரண்டு பக்கமும் ஒரு சின்னத் துண்டு தெரிகிறதா? அது எலாஸ்டிக். கால் போகும்போது விரிந்து கொடுக்கும், போனதும் புறங்காலைக் கவ்விக்கொள்ளும். லேஸின் வேலையில் பாதியை இது பார்க்கிறது. மீதிப் பாதி குதிகாலைச் சுற்றியிருக்கும் விறைப்பான பகுதிக்கு. கடையில் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். துணி மாதிரி மடங்கினால், அந்த ஷூ சீக்கிரமே செருப்பாகிவிடும்.

(காட்சி: தோல் லோஃபர், மேலிருந்து.)

லோஃபரில் பெரும்பாலும் எலாஸ்டிக் இருக்காது. புறங்கால் மேல் ஏறி நிற்கும் தோல்தான் பிடிமானம். இது பிறந்த ஊர் நார்வே. அமெரிக்காவின் ஜி.எச். பாஸ் நிறுவனம் 1936இல் இதை 'வீஜன்ஸ்' என்று விற்றது. 'நார்வீஜியன்' என்ற சொல்லின் வாலை மட்டும் வெட்டியெடுத்து வைத்த பெயர் அது! கேன்வாஸ் வகையின் கதை வேறு. 1966இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய வேன்ஸ் நிறுவனத்தின் தட்டையான ரப்பர் சோல், பலகையை நன்றாகப் பற்றியதால் ஸ்கேட்போர்டு இளைஞர்களுக்குப் பிடித்துப்போனது. 1982இல் ஹாலிவுட் நடிகர் ஷான் பென் ஒரு படத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஜோடியை மாட்டிக்கொண்டு வர, அது ஊரெல்லாம் பரவியது.

(காட்சி: ஷூவுக்குள் மடங்கும் விரல்களின் வரைபடம்.)

இப்போது அளவு. ஸ்லிப்-ஆனில் சொகுசு போவதே இங்கேதான். புறங்கால் இறுக்குகிறதே என்று நான் ஒருமுறை ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். இறுக்கம் போனது, பிடியும் போனது. ஷூ நழுவாமலிருக்க விரல்கள் தாமாகவே மடங்கி உள்ளே பிறாண்டின. சாயங்காலம் பாதம் முழுக்க வலி, குதிகாலில் கொப்புளம். ஷூ கடிப்பது இறுக்கத்தால் மட்டுமல்ல, உரசலாலும்தான்.

தோல் பழகப் பழக அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. அதனால் பக்கவாட்டில் லேசாகப் பிடித்தால் பரவாயில்லை, விரல் நுனி முட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நாள் முழுக்க நின்று நடந்தால் பாதம் சற்று வீங்கும் என்பதால், மாலையில் போட்டுப் பார்ப்பதே நல்லது. புறங்கால் மேடாக உள்ளவர்கள் அளவைக் கூட்டாமல், எலாஸ்டிக் அகலமான மாடலைத் தேடலாம்.

(காட்சி: கணுக்காலுக்கு மேல் நிற்கும் பேன்ட், கீழே ஸ்லிப்-ஆன்.)

அழகு விஷயத்தில் எனக்கு ஒரே பிடிவாதம்தான்: பேன்ட் நுனி ஷூ மேல் குவிந்து கிடக்கக் கூடாது. கணுக்கால் கொஞ்சம் தெரியட்டும். அதற்காக வெறுங்காலில் போட்டால் வியர்வை இன்சோலில் ஊறி நாறும். வெளியே தெரியாத குட்டை சாக்ஸ் போதும். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள், குதிகால் பக்கம் உள்ளே சிலிக்கோன் பட்டை இருக்க வேண்டும்.

(காட்சி: அந்தப் பட்டை இல்லாத சாக்ஸ், நாலு எட்டு நடப்பதற்குள் ஷூவுக்குள் சுருண்டு ஒளிந்துகொள்கிறது.)