எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள்: வாளையார்க் கல்லில் மோல் கணக்கு

வணக்கம், தம்பி தங்கைகளே. கொழிஞ்சாம்பாறையில் மொட்டை மாடியில் நின்று பேசுகிறேன். இரைச்சல் கேட்டால் அது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, மைக்கைத் திட்டாதீர்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்காகத்தான் இந்த வீடியோ.

இன்று சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொள்வோம். வாளையாரில் சிமெண்டுக்காக வெட்டினார்களே, அந்தக் கல்தான். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். மோல் என்பது டஜன் மாதிரி, துகள்களை எண்ணும் ஓர் அளவு. ஒரு மோல், அதாவது 100 கிராம் கார்பனேட்டை நன்றாகச் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். 44 கிராம் கார்பன் டைஆக்சைடு வெளியேறும்.

தேர்வில் இப்படி நேராகக் கேட்க மாட்டார்கள். 90 சதவீதத் தூய்மை உள்ள கல் 500 கிராம் என்பார்கள். கார்பனேட் 450 கிராம், 4.5 மோல், சுண்ணாம்பு 252 கிராம். சரி. ஆனால் சூளையில் மிஞ்சும் திடப்பொருள் எவ்வளவு என்று கேட்டால்? மாசு வினைபுரியாது என்று கொண்டால் அந்த 50 கிராமும் அங்கேயேதான் கிடக்கும். விடை 302. கேள்வியை அரைகுறையாகப் படிப்பவர்களைப் பிடிக்கவே இதை வைக்கிறார்கள். எனக்கு இதில் ஆட்சேபமே இல்லை.

இனி முக்கியமான கணக்கு. பலகையைப் பாருங்கள். 25 கிராம் கால்சியம் கார்பனேட்டோடு 14.6 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்கிறது. எது முதலில் தீரும்? மோலுக்கு மாற்றுங்கள். கார்பனேட் ஒரு மோல் 100 கிராம், அமிலம் ஒரு மோல் 36.5 கிராம்; வகுத்தால் கார்பனேட் 0.25, அமிலம் 0.4. உடனே கார்பனேட்தான் குறைவு என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் பாய்கிறீர்கள் பாருங்கள், மதிப்பெண் போவது அங்கேதான். சமன் செய்த சமன்பாட்டில் ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு அமிலம் வேண்டும். ஆகவே 0.4ஐ 2ஆல் வகுக்க வேண்டும், 0.2 வருகிறது. 0.25ஐ விட அது குறைவு. அமிலம்தான் முதலில் தீர்கிறது, வினையை நிறுத்துவதும் அதுதான்.

கார்பன் டைஆக்சைடு 0.2 மோல், 8.8 கிராம். கால்சியம் குளோரைடு 22.2, நீர் 3.6, தீராமல் கிடக்கும் கார்பனேட் 5. கூட்டுங்கள்: 39.6. தொடக்கத்தில் போட்டதும் 25, 14.6 சேர்த்து அதே 39.6. விடைக்குறிப்பைத் தேடி அலையாதீர்கள்; இந்தக் கூட்டல் பொருந்தாவிட்டால் எங்கோ சறுக்கியிருக்கிறீர்கள்.

வாயுவின் கனஅளவு கேட்டால் 22.4ஆ 22.7ஆ என்று சண்டை வேண்டாம். ஒரு மோல் வாயு 0 டிகிரி செல்சியஸில் 1 வளிமண்டல அழுத்தம் என்றால் 22.4 லிட்டர், 1 பார் என்றால் 22.7. திட்ட அழுத்தத்தை 1 பார் என்று ஐயுபாக் (வேதியியலுக்கான உலக அமைப்பு) 1982இலேயே மாற்றிவிட்டது, பழைய வழிகாட்டி நூல்கள்தான் இன்னும் மாறவில்லை. கேள்வியில் எந்த அழுத்தம் என்று பார்த்து எழுதுங்கள்.

உங்களுக்கு ஒன்று: அதே 25 கிராம் கார்பனேட், அமிலம் மட்டும் 21.9 கிராம். எது தீரும், எவ்வளவு வாயு வரும்? கீழே எழுதுங்கள். வெறும் எண் வேண்டாம், மோல் கணக்கோடு வாருங்கள்.